பிரிட்டன் தேர்தல் முடிவுகளில் ‘ஸ்விங்’: தொகுதிக் கணக்கைப் படிக்கும் முறை

2019 டிசம்பரில் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் தொழிலாளர் கட்சி ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் வாக்குகளைப் பெற்று 202 இடங்களில் மட்டுமே வென்றது. 2024 ஜூலை 4 அன்று நடந்த அடுத்த பொதுத்தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தவை சுமார் 97 லட்சம் வாக்குகள். வென்ற இடங்களோ 411. வாக்குகள் குறைந்திருக்க, இடங்கள் இரு மடங்கானது எப்படி என்பதை விளக்க வருபவர்கள் முதலில் கையில் எடுக்கும் கருவிதான் ஸ்விங், அதாவது இரு கட்சிகளுக்கு இடையிலான வாக்கு இடைவெளி நகர்ந்த அளவு. தொலைக்காட்சியில் இரவு முழுவதும் ஒலிக்கும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது மிக எளிய கணக்கு. ஆனால் அந்த எளிய கணக்கின் விடையை வாக்காளர்களின் மனமாற்றம் என்று நேரடியாக எடுத்துக்கொள்வதால்தான் தேர்தல் விளக்கங்களில் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன என்பது என் கருத்து.

முதலில் அடிப்படை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் 650 தொகுதிகள் உள்ளன: இங்கிலாந்தில் 543, ஸ்காட்லாந்தில் 57, வேல்ஸில் 32, வட அயர்லாந்தில் 18. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்றவர் வெற்றியாளர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியாவிலும் இதே முறைதான் என்பதால் நமக்கு இது புதிதல்ல. இந்த முறையில் ஒரு கட்சி நாடு முழுவதும் எத்தனை வாக்குகள் பெற்றது என்பதைவிட, ஒவ்வொரு தொகுதியிலும் தன் எதிரியைவிட எவ்வளவு முன்னே அல்லது பின்னே நின்றது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே வாக்கு எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு வாக்கு சதவீதத்தைப் பார்க்க வேண்டும். 2019இல் வாக்குப்பதிவு 67 சதவீதத்துக்கும் சற்று மேல்; 2024இல் ஏறத்தாழ 60 சதவீதம். மொத்த வாக்குகளே குறைந்த தேர்தலில் ஒரு கட்சியின் வாக்குகள் குறைந்ததை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சதவீதக் கணக்கில் தொழிலாளர் கட்சி 32.1இலிருந்து 33.7க்கு உயர்ந்தது, கன்சர்வேட்டிவ் கட்சி 43.6இலிருந்து 23.7க்கு வீழ்ந்தது.

இப்போது ஸ்விங்கைக் கணக்கிடலாம். ஒரு கட்சி எத்தனை சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது என்பதையும், மற்றக் கட்சி எத்தனை புள்ளிகள் இறங்கியது என்பதையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். தொழிலாளர் கட்சியின் உயர்வு 1.6, கன்சர்வேட்டிவ் கட்சியின் வீழ்ச்சி 19.9, கூட்டினால் 21.5, பாதி 10.75. இதைத்தான் ‘கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து தொழிலாளர் கட்சிக்கு ஏறத்தாழ 10.8 புள்ளி ஸ்விங்’ என்று சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் பிரிட்டனில் பரவலாக்கியவர், 1945 முதல் தேர்தல் ஆய்வுகளில் ஈடுபட்டு 2022இல் மறைந்த டேவிட் பட்லர். அதனால் இதை ‘பட்லர் ஸ்விங்’ என்றும் அழைப்பார்கள். பிபிசியின் திரையில் ஒரு பெரிய முள் இடமும் வலமும் அசைந்து இடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ‘ஸ்விங்கோமீட்டர்’ இந்தக் கணக்கின் படவடிவமே.

இரண்டால் வகுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 100 பேரில் 5 பேர் ஒரு கட்சியை விட்டு நேராக மற்றக் கட்சிக்குப் போனால், இரு கட்சிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 10 புள்ளி மாறுகிறது. எனவே வித்தியாச மாற்றத்தில் பாதியே இடம் மாறியவர்களின் அளவு என்ற எண்ணத்தில் இக்கணக்கு அமைந்தது. இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது: ஒரு தொகுதியில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஸ்விங் நிகழ்ந்தால் தொகுதி கைமாறும். வித்தியாசம் 10 புள்ளி என்றால் 5 புள்ளியைத் தாண்டிய ஸ்விங் போதும். தேர்தலுக்கு முன்பே கட்சிகள் தங்கள் இலக்குத் தொகுதிகளை வரிசைப்படுத்துவது இந்த விதியை வைத்துத்தான்.

இந்த விதி எவ்வளவு துல்லியமாகப் பொருந்தக்கூடும் என்பதற்குக் கிழக்கு இங்கிலாந்தின் சவுத் வெஸ்ட் நார்ஃபோக் தொகுதியை எடுத்துக்கொள்வோம். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் தொகுதி அது. 2019இல் அவர் 69.0 சதவீதம் பெற்றார். தொழிலாளர் கட்சிக்கு 18.1. வித்தியாசம் 50.9 புள்ளி, அதாவது 26,195 வாக்குகள். தொகுதி கைமாற 25.5 புள்ளி ஸ்விங் தேவை என்று கணக்குச் சொன்னது. அத்தகைய ஒன்றை நடக்காத காரியம் என்றே பலர் ஒதுக்கியிருப்பார்கள். 2024இல் தொழிலாளர் கட்சியின் டெரி ஜெர்மி 11,847 வாக்குகளும் டிரஸ் 11,217 வாக்குகளும் பெற்றனர். சதவீதத்தில் 26.7, 25.3. கன்சர்வேட்டிவ் வீழ்ச்சி 43.7; தொழிலாளர் கட்சியின் உயர்வு 8.6, ஸ்விங் சுமார் 26. தேவையான அளவை ஒரு புள்ளிக்கும் குறைவாகவே தாண்டியதால் 630 வாக்கு வித்தியாசத்தில் தொகுதி கைமாறியது. இடையில் தொகுதி எல்லை சற்று மாறியிருந்தாலும் இந்தப் படம் பெரிதாக மாறுவதில்லை.

ஆனால் இதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். நூற்றுக்கு 26 பேர் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டுத் தொழிலாளர் கட்சிக்கு வந்திருந்தால் அக்கட்சி 44 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். அது பெற்றதோ 26.7. டிரஸ் இழந்த 43.7 புள்ளியில் பெரும்பகுதி வேறு எங்கோ போயிருக்கிறது. ரிஃபார்ம் யுகே என்ற கட்சி அங்கே 9,958 வாக்குகளும் ஒரு சுயேச்சை வேட்பாளர் 6,282 வாக்குகளும் பெற்றதைக் கவனித்தால் படம் தெளிவாகிறது. மேலும், ரிஃபார்மின் முந்தைய வடிவமான பிரெக்ஸிட் கட்சி, 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சி ஏற்கெனவே வைத்திருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் விலகிக்கொண்டது; அவற்றுள் இதுவும் ஒன்று. ஆக டிரஸ்ஸின் 69 சதவீதமே போட்டியாளர் ஒருவர் ஒதுங்கியதால் சற்று உயர்ந்திருந்த அளவு. ஸ்விங் 26 என்ற எண் உண்மை. அது சொல்வதாக நாம் நினைக்கும் கதை உண்மையல்ல. ஸ்விங் என்பது இரு கட்சிகளுக்கு இடையிலான இடைவெளியின் நிகர மாற்றம் மட்டுமே. யார் எங்கிருந்து எங்கே போனார், யார் வாக்களிக்க வராமல் வீட்டிலேயே இருந்தார், யார் இறந்தார், யார் முதல் முறை வாக்களித்தார் என்பவற்றை அது தனித்தனியாகச் சொல்லாது. அவற்றை அறிய, ஒரே வாக்காளர்களைத் தேர்தல்தோறும் பின்தொடர்ந்து கேள்வி கேட்கும் ஆய்வுகள் வேண்டும்.

ஒரே அளவு ஸ்விங் இரு வேறு தேர்தல்களைக் குறிக்கலாம் என்பதற்கு 1997ஐ ஒப்பிடலாம். அந்த ஆண்டு டோனி பிளேர் தலைமையில் தொழிலாளர் கட்சி 34.4இலிருந்து 43.2க்கு உயர்ந்தது, கன்சர்வேட்டிவ் கட்சி 41.9இலிருந்து 30.7க்கு இறங்கியது. ஸ்விங் சரியாக 10.0. 2024இல் 10.8. இரண்டிலும் தொழிலாளர் கட்சி நானூறைத் தாண்டிய இடங்களில் வென்றது: அன்று 418, இன்று 411. ஸ்விங்கை மட்டும் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் 1997இன் ஸ்விங்கில் வென்ற கட்சியின் உயர்வும் தோற்ற கட்சியின் வீழ்ச்சியும் ஏறத்தாழச் சமமாகக் கலந்திருந்தன. 2024இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தோற்ற கட்சியின் வீழ்ச்சியிலிருந்தே வந்தது. முதலாவதில் மக்கள் ஒரு கட்சியைத் தேடிச் சென்றார்கள் என்று சொல்ல இடமுண்டு. இரண்டாவதில் ஒரு கட்சியை விட்டு விலகினார்கள் என்பதற்கு மேல் சொல்வது மிகை. எனவே ஸ்விங்கைச் சொல்லும்போதெல்லாம் அதன் இரு பாதிகளையும் தனியே எழுதிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2017இல் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்தே உயர்ந்தன, கன்சர்வேட்டிவ் 5.5 புள்ளி, தொழிலாளர் கட்சி 9.6 புள்ளி. அப்போதும் தொழிலாளர் கட்சிக்கு 2 புள்ளி ஸ்விங் என்றுதான் கணக்கு வரும்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையை லெஸ்டர் ஈஸ்ட் தொகுதியில் காணலாம். இந்தியக் குஜராத்தி மரபினர் பெருமளவில் வாழும் இத்தொகுதிதான், 2024இல் கன்சர்வேட்டிவ் கட்சி தொழிலாளர் கட்சியிடமிருந்து கைப்பற்றிய ஒரே தொகுதி. நாடெங்கும் சரிந்த கட்சி இங்கே வளர்ந்தது என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் பங்கு இங்கும் 38.6இலிருந்து 31.1க்கு இறங்கியது. தொழிலாளர் கட்சியோ 50.8இலிருந்து 21.6க்குச் சரிந்தது. இரு வீழ்ச்சிகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் கன்சர்வேட்டிவ் பக்கம் சுமார் 11 புள்ளி ஸ்விங். தொழிலாளர் கட்சியின் வாக்குகள் எங்கே போயின என்பதற்கு வேட்பாளர் பட்டியலே விடை: அத்தொகுதியின் முன்னாள் தொழிலாளர் கட்சி உறுப்பினர்களான கிளாடியா வெப்பும் கீத் வாஸும் கட்சிக்கு எதிராகத் தனித்தனியே நின்று, இருவருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்தார்கள். ஸ்விங் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ‘லெஸ்டரில் கன்சர்வேட்டிவ் அலை’ என்று எழுதினால் அது முழுப் பிழை.

இந்தத் தொகுதியில் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இரு பெரிய கட்சிகளின் வாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டின் மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது ஒரு முறை. இதற்கு ‘ஸ்டீட் ஸ்விங்’ என்று பெயர். 2019இல் அந்த மொத்தத்தில் கன்சர்வேட்டிவ் பங்கு 43.2, 2024இல் 59.0. ஸ்விங் 15.8. அதே தொகுதி, அதே வாக்குகள்; பட்லர் முறையில் 11, ஸ்டீட் முறையில் 16. இரு கட்சிகளும் சேர்ந்து தொண்ணூறு சதவீதத்தை எடுத்த காலத்தில் இந்த இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்ததில்லை. இன்று சிறிய கட்சிகள் பெருகியிருப்பதால், ஒருவர் சொல்லும் எண் எந்த முறையில் வந்தது என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது. ஊடகங்கள் வழக்கமாகச் சொல்வது பட்லர் ஸ்விங்.

அடுத்து, எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி. 2024 தேர்தல் புதிய தொகுதி எல்லைகளின்படி நடந்தது. சில தீவுத் தொகுதிகளைத் தவிர மற்றவற்றில் பொதுவாக வாக்காளர் எண்ணிக்கை 69,724க்கும் 77,062க்கும் இடையில் அமைய வேண்டும் என்ற விதியால் பெரும்பாலான தொகுதிகளின் எல்லை ஏதோ ஓர் அளவில் மாறியது. வேல்ஸ் 40 தொகுதிகளிலிருந்து 32க்குச் சுருங்கியது. கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ இவ்வாறு புதிதாக உருவான தொகுதி. அங்கே வென்ற உமா குமரன் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழர் என்பதால் அத்தொகுதியின் முடிவைத் தமிழ் வாசகர்கள் பலரும் கூர்ந்து கவனித்தார்கள். ஆனால் அத்தொகுதி 2019இல் இருக்கவே இல்லை. அப்படியானால் தொழிலாளர் கட்சி அங்கே உயர்ந்ததா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது?

இதற்காகவே ஒரு மதிப்பீட்டு முடிவு தயாரிக்கப்படுகிறது. 2019இன் வாக்குகள் புதிய எல்லைகளின்படி எண்ணப்பட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற ஊகக் கணக்கு அது. காலின் ராலிங்ஸ், மைக்கேல் திராஷர் ஆகிய ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய மதிப்பீடுகளைத்தான் பெரிய ஊடகங்கள் பயன்படுத்தின. இந்தியாவில் படிவம் 20 வழியாக வாக்குச்சாவடி வாரியாக முடிவுகள் கிடைப்பதால் இத்தகைய கணக்கு நமக்கு ஓரளவு எளிது. பிரிட்டனில் அந்த வசதி இல்லை. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை சீட்டுகள் என்று மட்டும் முதலில் சரிபார்ப்பார்கள். பின்னர் வெவ்வேறு பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகே வேட்பாளர் வாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்பது அத்துடன் மறைந்துவிடுகிறது. ஆகவே உள்ளாட்சித் தேர்தலின் வட்டார முடிவுகளைத் துணைக்கு வைத்து, தொகுதி வாக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஊகிக்கிறார்கள். நல்ல மதிப்பீடுதான், ஆனால் மதிப்பீடு. எல்லை பெரிதும் மாறிய தொகுதியில் ‘2.3 புள்ளி உயர்வு’ என்று தசமத்தோடு சொல்லப்படும்போது, ஒப்பிடப்படும் அடிப்படையே தோராயம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தேசிய அளவிலான ஸ்விங்கை ஒவ்வொரு தொகுதியிலும் அப்படியே பொருத்திப் பார்ப்பதைச் ‘சீரான ஸ்விங்’ என்பார்கள். இரு கட்சி அரசியல் வலுவாக இருந்த காலத்தில் இது வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது. 2024இல் இது பொருந்த முடியாது என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எளிய கணக்கால் காட்டிவிடலாம். லிவர்பூல் வால்டன் தொகுதியில் 2019இல் தொழிலாளர் கட்சி 84.7 சதவீதம் பெற்றது; கன்சர்வேட்டிவ் கட்சிக்குச் சுமார் 10. நாடு முழுவதும் 20 புள்ளி இழக்கும் கட்சி அங்கே 20 புள்ளி இழக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். அங்கே குறைவாக இழந்தால், சராசரி சரியாக வர வேறெங்கோ 20க்கு மேல் இழந்தாக வேண்டும். அந்த ‘வேறெங்கோ’ என்பது அதன் கோட்டைகள்தான். கன்சர்வேட்டிவ் கட்சி பொதுவாக எங்கே வலுவாக இருந்ததோ அங்கே அதிகமாக இழந்தது. ஆகவேதான் பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட தொகுதிகள் அவ்வளவு எண்ணிக்கையில் வீழ்ந்தன.

புவியியல் வேறுபாடு இன்னும் முக்கியமானது. தொழிலாளர் கட்சியின் 1.6 புள்ளி உயர்வு நாடெங்கும் பரவிய உயர்வு அல்ல. ஸ்காட்லாந்தில் அக்கட்சி 18.6இலிருந்து 35.3க்குத் தாவி, ஒரே ஓர் இடத்திலிருந்து 37 இடங்களுக்கு உயர்ந்தது. இங்கிலாந்தில் அதன் உயர்வு அரைப் புள்ளி அளவே. வேல்ஸில் சுமார் 4 புள்ளி இறங்கியது. இறங்கியும் அங்குள்ள 32 இடங்களில் 27ஐ வென்றது. ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ்–தொழிலாளர் ஸ்விங்குக்குப் பெரிதாகப் பொருளே இல்லை, அங்கே 45.0இலிருந்து 30.0க்கு இறங்கிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சியிடமிருந்து தொழிலாளர் கட்சிக்கு ஏறத்தாழ 16 புள்ளி ஸ்விங் என்பதே பேச வேண்டிய எண். வட அயர்லாந்தில் கட்சிகளே வேறு என்பதால் அது இந்தக் கணக்குகளில் சேர்வதில்லை. மக்களவை சபாநாயகரின் சோர்லி தொகுதியில் பெரிய கட்சிகள் மரபுப்படி போட்டியிடுவதில்லை; அதையும் விலக்கிவிட வேண்டும். லெஸ்டர் சவுத் போன்ற சில தொகுதிகளில், காசா போர் குறித்த நிலைப்பாட்டை முன்வைத்து நின்ற சுயேச்சைகளிடம் தொழிலாளர் கட்சி தோற்றது. 979 வாக்கில் முடிந்த அந்தத் தோல்வியை எந்தத் தேசிய ஸ்விங்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. இப்படித் தேசிய சராசரியிலிருந்து விலகி நிற்கும் தொகுதிகளைத் தேடிப் பிடித்து, ஏன் விலகின என்று கேட்பதுதான் முடிவு ஆய்வின் உண்மையான வேலை. ஸ்விங் அதற்கான அளவுகோல் மட்டுமே.

லிபரல் டெமாக்ரடிக் கட்சியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அதன் பங்கு 11.6இலிருந்து 12.2க்குத்தான் நகர்ந்தது, இடங்கள் 11இலிருந்து 72 ஆயின. வெல்லக்கூடிய தொகுதிகளில் மட்டும் உழைப்பைக் குவித்ததும், கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தோற்கடிக்க எண்ணியவர்கள் அங்கே இரண்டாம் இடத்தில் இருந்த கட்சிக்கு வாக்களித்ததும் இதற்குக் காரணங்கள். 14.3 சதவீதம் பெற்ற ரிஃபார்ம் யுகேயின் வாக்குகள் நாடெங்கும் மெல்லியதாகப் பரவியிருந்ததால் அதற்குக் கிடைத்தவை 5 இடங்களே.

வாக்குப்பதிவு முடியும் இரவு 10 மணிக்கு வெளியாகும் வாக்குச்சாவடிக் கணிப்பும் மாற்றத்தை அளக்கும் கருவிதான். சுமார் 130 வாக்குச்சாவடிகளில், வாக்களித்து வெளியே வருபவர்களிடம் இன்னொரு மாதிரிச் சீட்டை நிரப்பித் தரச் சொல்கிறார்கள். முடிந்தவரை முந்தைய தேர்தலில் கணிப்பு நடத்திய அதே சாவடிகளுக்கே செல்கிறார்கள். அப்போதுதான் அந்தச் சாவடியில் ஒவ்வொரு கட்சியும் எவ்வளவு மாறியது என்று தெரியும். எத்தகைய இடங்களில் எத்தகைய மாற்றம் என்ற உறவைக் கண்டறிந்து, வட அயர்லாந்து தவிர மற்றத் தொகுதிகள் அனைத்துக்கும் விரிக்கிறார்கள். 2024இல் தொழிலாளர் கட்சிக்கு 410 என்று கணித்தார்கள், கிடைத்தது 411. ரிஃபார்முக்கு 13 என்றார்கள், கிடைத்தது 5. முந்தைய தேர்தலில் பாதித் தொகுதிகளில் களத்திலேயே இல்லாத கட்சிக்கு மாற்றத்தை அளக்க அடிப்படை போதாது என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது.

இனி வரும் தேர்தலுக்கு 2024இன் முடிவுகளே அடிப்படையாகும். அந்தத் தேர்தலில் 98 தொகுதிகளில் ரிஃபார்ம் யுகே இரண்டாம் இடத்தில் வந்தது. அவற்றில் 89இல் வென்றது தொழிலாளர் கட்சி. அங்கெல்லாம் கன்சர்வேட்டிவ்–தொழிலாளர் ஸ்விங்கை எழுதுவது பழக்கதோஷமாகவே முடியும். தொழிலாளர்–ரிஃபார்ம் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். சவுத் வெஸ்ட் நார்ஃபோக் போன்ற மும்முனைத் தொகுதிகளில் ஒரே எண் போதவே போதாது. அங்கே 26.7, 25.3, 22.5 என மூன்று கட்சிகள் நெருங்கி நிற்கின்றன: கன்சர்வேட்டிவ் கட்சி திரும்பப் பிடிக்க 0.7 புள்ளி, ரிஃபார்ம் முந்த 2.1 புள்ளி. இரண்டாவது நடந்தாலும், அதற்குள் முதலாவது எவ்வளவு நடந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே வெற்றியாளர் மாறுவார். ஆகவே மூன்று கட்சிகளின் மாற்றத்தையும் அருகருகே மூன்று நிரல்களில் எழுதிக்கொண்டே அத்தொகுதியைப் படிக்க வேண்டியிருக்கும்.